மேல்விலாசம் இல்லாத வேண்டுதல்

ஜூன் 3, செவ்வாய்

இன்று அவர் "தண்ணி" என்றார். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம். காலையில் சொன்னபோது உண்மையிலேயே தண்ணீர் கேட்டார். சாயங்காலம் சொன்னபோது மின்விசிறியைக் காட்டினார். பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண், இரண்டையும் முன்னேற்றம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறாள். எடுத்துக்கொண்டேன்.

மகன் பேசியதைக் கேட்டு அத்தை அழுதார். பிப்ரவரியில் இவர் குளியலறையில் விழுந்த அன்று அம்பாசமுத்திரத்திலிருந்து கிளம்பி வந்தவர்தான், இன்னும் திரும்பவில்லை. மூளையில் அடைப்பு என்றார்கள். வலது கையும் பேச்சும் போயின. கை பாதி வந்துவிட்டது. கம்பு பிடித்துக்கொண்டு ஹாலுக்கு வருகிறார். பேச்சுதான் பாக்கி.

கல்யாணமாகிப் பதினேழு வருஷமாக வீட்டில் பேசாத மனிதருக்கு நான் பேசச் சொல்லிக்கொடுக்கிறேன். யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை.

ஜூன் 5, வியாழன்

மறுபடி வேலை. விருகம்பாக்கம் டப்பிங் ஸ்டுடியோவில் பெனடிக்ட் சார் கூப்பிட்டு ஒரு அமெரிக்கத் தொடரைக் கையில் கொடுத்தார். பத்து பகுதி. தமிழ் வசனம் நான் எழுத வேண்டும், ஜூலைக்குள் முடிக்க வேண்டும்.

கதை சாத்தானைப் பற்றியது. ஒவ்வொரு பகுதியிலும் யாரோ ஒருவர் நொந்துபோய் உட்கார்ந்திருப்பார். சோளக்காட்டு ஊரில் ஒரு வாத்தியார், குத்துச்சண்டையில் தோற்றவன், நெடுஞ்சாலையில் விடுதி நடத்தும் ஒரு விதவை. மிஸ்டர் பென்ரி என்று ஒருவன் சாம்பல் நிறக் கோட்டோடு வந்து எதிரே உட்கார்ந்து காப்பி கேட்பான். என்ன வேண்டும் என்று விசாரிப்பான். கடைசியில் ஒரு காகிதத்தை எடுத்து வைப்பான். ஆத்மாவைக் கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

"அமெரிக்காக்காரனுக்குச் சாத்தான்கூட வக்கீல் மாதிரிதான் வரணும்மா," என்றார் பெனடிக்ட் சார். பென்ரிக்குக் குரல் கொடுக்கப்போவது அவர்தான். மைக் முன்னால் போகும்போது சிலுவை போட்டுக்கொண்டார். "தொழில் வேற, பயம் வேற," என்றார்.

மதியம் வீட்டுக்கு வந்து அவருக்கு ரசம் சோறு பிசைந்து ஊட்டினேன்.

ஜூன் 8, ஞாயிறு

ஹைதராபாத் டப்பிங் நிறுவனத்திலிருந்து மின்னஞ்சல். தமிழ்ப் பிரிவுக்குப் பொறுப்பாளர் வேலை இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம். என் வீட்டு நிலைமை தெரியும், ஜூலை முடிவதற்குள் சொன்னால் போதும் என்கிறார்கள். நல்ல மனிதர்கள். நான் அவர்களுக்கு என்ன செய்தேன் என்று தெரியவில்லை.

எழுதிவைத்துவிடுகிறேன், டைரியிலாவது. நான் பிப்ரவரியில் கிளம்புவதாக இருந்தேன். வேலைக்காக மட்டும் இல்லை. திரும்பி வருவதாக இல்லை. அவரிடம் சொல்லியும் விட்டேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "ம்" என்றார். பக்கத்தைத் திருப்பினார். அந்த வாரமே விழுந்தார்.

அவர் அடித்ததில்லை, குடித்ததில்லை, ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. நீர்வளத் துறையில் என்ஜினீயர். ஆபீசில் நன்றாகப் பேசுவாராம். அங்கிருந்து பார்க்க வந்தவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஜூன் 14, சனி

கேஸ் வந்தது. மாவு அரைத்தேன். அவர் "கை" என்றார், கையைத்தான் காட்டினார்.

ஜூன் 19, வியாழன்

மூன்றாம் பகுதி ஒலிப்பதிவு. விடுதி நடத்தும் அந்தப் பெண், மகனின் காய்ச்சல் குணமாக வேண்டும் என்று கையெழுத்துப் போடுகிறாள். கேட்கும் இடத்தில் அவள் வாய் நன்றாகத் திறந்திருக்கிறது, நான் எழுதியதோ வாயை மூடும் சொல். லிப் உட்காரவில்லை. மாற்றி எழுதிக் கொடுத்தேன்.

இடைவேளையில் டீ குடிக்கும்போது பெனடிக்ட் சார் ஒரு சந்தேகம் கேட்டார். "ஏம்மா மங்கை, நம்ம ஊர் ஜனங்களுக்கு இது புரியுமா? நம்ம ஊர்ல பேய் புடிக்கும், அடிக்கும், ஆட்டி வைக்கும். என்னிக்காவது பேரம் பேசி இருக்கா?"

"நாம பேரம் பேசறதெல்லாம் சாமிகிட்டதானே சார்."

"அதைச் சொல்லு! நீ இதைக் குடு, நான் மொட்டை போடறேன். நீ இதைக் குடு, நான் நடந்தே வர்றேன். எங்க வேளாங்கண்ணிலயும் அதே கதைதான். அவனுங்க சாத்தான்கிட்ட போறாங்க, நாம நேரா ஹெட் ஆபீசுக்கே போயிடறோம்."

எல்லாரும் சிரித்தார்கள். நான் டீ கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

வீட்டில் வசனத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துத்தான் எழுதுவேன். லேப்டாப்பில் பென்ரி வாயசைக்க வாயசைக்க நானும் கூடச் சொல்வேன். அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். எங்கேயும் போக முடியாது, பாவம்.

அத்தையும் எட்டிப் பார்ப்பார். "இந்தத் தொர யாருட்டீ? லட்சணமா இருக்கான், இவனப் போயி சாத்தாங்கியே."

இன்று மத்தியானம் அத்தை அவருக்கு இரண்டாவது தோசை வைக்கட்டுமா என்று கேட்டார். அவர் நிமிர்ந்து, கொஞ்சம்கூடத் திக்காமல் சொன்னார்: "அவசரமே இல்லை. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நான் காத்திருக்கேன்."

பென்ரியின் வசனம். நான் எழுதியது. பெற்ற தாயைப் பார்த்து 'ங்க' போட்டுச் சொல்கிறார். அத்தை தோசைத் திருப்பியைக் கீழே போட்டுவிட்டார். "எய்யா, எம் புள்ளைக்குள்ள எவன் வந்து பேசுதான்!" என்று ஓடிப்போய் விபூதி எடுத்து வந்து நெற்றி முழுக்கப் பூசினார். அவருக்கே வியப்பாக இருந்தது போல. வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

பயிற்சிப் பெண்ணுக்குப் போன் செய்தேன். சில பேருக்கு அப்படித்தான், பாட்டும் கேட்ட வசனமும் முதலில் வரும், சொந்த வார்த்தை பிறகு வரும் என்றாள். நிறையப் பேசிக்கொண்டே இருங்கள் என்றாள். பேசிக்கொண்டே இருக்கிறேன். பதினேழு வருஷத்துப் பேச்சையும் சேர்த்து இப்போது பேசுகிறேன்.

ஜூன் 29, ஞாயிறு

ஐந்தாம் பகுதி எழுதி முடித்தேன். வாத்தியார் கையெழுத்துப் போட்டுவிட்டு, "இதில் உன் பெயர் எங்கே?" என்று பென்ரியைக் கேட்கிறான். "என் பெயர் எதற்கு? கொடுப்பது நீ. வாங்குவது யார் என்று நீ கேட்கவே இல்லையே," என்கிறான் அவன். இதை எழுதிவிட்டு எழுந்து போய் அரிசி களைந்தேன். களைந்த அரிசியையே மறுபடி களைந்தேன்.

பிப்ரவரியில் மருத்துவமனையில் நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. டாக்டர் வெளியே வந்து, சாயங்காலம் வரை பார்க்கலாம், எதற்கும் சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். வராந்தாவில் அத்தை மஞ்சள் துணியில் காசு முடிந்துகொண்டிருந்தார். திருச்செந்தூரில் மகனை மொட்டை போட வைக்கிறேன் என்று முருகனிடம் சத்தமாகவே சொன்னார். என்னை உள்ளே விட்டார்கள். குழாய்க்கு நடுவில் படுத்திருந்தார். கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. நர்ஸ் தள்ளி நின்று எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இவர் பிழைச்சு எந்திரிச்சா நான் போகல. எப்பவும் போகல," என்றேன்.

சத்தமாக இல்லை, முணுமுணுப்பாகவும் இல்லை. ஒருவரிடம் பேசுகிற மாதிரி.

முருகா என்று சொல்லவில்லை. தாயே என்று சொல்லவில்லை. காசு முடியவில்லை. எந்தச் சாமி படமும் மனதில் இல்லை. அன்று சாயங்காலமே அவர் கண்ணைத் திறந்தார்.

ஜூலை 2, புதன்

தூங்கினேன். சமைத்தேன். ஆறாம் பகுதி.

ஜூலை 6, ஞாயிறு

அத்தையிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து ஒரு கட்டைப் பிரித்தேன்.

"அத்தை, வேண்டிக்கிட்டதச் செய்ய முடியாமப் போனா என்ன பண்ணுவீங்க?"

"நா எல்லாம் செஞ்சிருவேன்."

"செய்ய முடியலன்னு வைங்களேன்."

"அந்தக் கோயிலுக்குப் போயி விழுந்து கும்புடணும். அப்பா, தெரியாமச் சொல்லிட்டேன், விட்டுருன்னு அழணும். தப்புக்குன்னு உண்டியல்ல ஏதாச்சும் போட்டுட்டு வரணும். அவனும் தகப்பன் மாதிரிதான, விட்டுருவான்."

"ஸ்டுடியோல ஒரு பொண்ணு. சாமி பேரே சொல்லாம வேண்டிக்கிட்டாளாம். இப்ப யார்கிட்ட போய் விடச் சொல்றதுன்னு தெரியலங்கா."

அத்தை கீரையைக் கீழே வைத்துவிட்டார். "அடக் கூறுகெட்டவளே! பேரு சொல்லாம எவளாவது வேண்டுவாளா? மேல்விலாசம் எழுதாமக் கடுதாசி போட்ட கணக்கால்லா இருக்கு. நல்லது கெட்டது நாலும் காத்துல திரியும். எது கேட்டுச்சோ, எது வாங்கிக்கிட்டுச்சோ!"

"அப்போ என்ன பண்றது?"

"காதுல கேட்டது யாரோ அவுகதான் விடணும். வேற யாரு விட முடியும்?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "படிச்ச பிள்ளையா அவ?" என்றார்.

"படிச்சவதான்," என்றேன்.

ஜூலை 11, வெள்ளி

ஒலிப்பதிவு முடிந்து வடபழனி முருகன் கோயிலுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை, நல்ல கூட்டம். வரிசையில் நகர்ந்து நகர்ந்து முன்னால் வந்ததும், நீங்களா என்று மனதுக்குள் கேட்டேன். "நகருங்க, நகருங்க," என்றார்கள். நகர்ந்தேன். வெளியே வந்து பிள்ளையாரிடமும் கேட்டேன். அம்மனிடமும் கேட்டேன். தேங்காய் உடைக்கவில்லை. நீங்கள் இல்லை என்றால் தேங்காய் வீண்தானே.

பஸ்ஸில் வரும்போது ஒரு நினைப்பு வந்தது, சொன்னால் வெட்கக்கேடு. பெயர் சொல்லாமல் நீட்டிய கையிலிருந்து எது வந்து வாங்கிக்கொண்டதோ. பென்ரி இப்படித்தானே வருகிறான். யாரும் அவனை அழைப்பதில்லை. காலியாக ஒரு நாற்காலி இருக்கும், அதில் உட்கார்ந்துகொள்வான். அத்தனை பேரும் கையெழுத்துப் போட்ட பிறகு நன்றாகத்தான் இருக்கிறார்கள். விதவையின் மகன் பிழைக்கிறான், விடுதியில் கூட்டம் வருகிறது. அவள் மட்டும் எதைத் தின்றாலும் உப்பு தெரியவில்லை என்கிறாள்.

எனக்கு உப்பு தெரிகிறது. அழுகைதான் வரவில்லை. பிப்ரவரியிலிருந்து ஒரு சொட்டு இல்லை.

இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன்.

ஜூலை 17, வியாழன்

ஹைதராபாதிலிருந்து போன். முப்பதாம் தேதி கடைசி, அதற்குமேல் வேறு ஆளைப் போட வேண்டியிருக்கும் என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சொன்னார்கள். சரி என்றேன். எதற்குச் சரி என்று அவர்களும் கேட்கவில்லை.

பேசிவிட்டுத் திரும்பினால் அவர் கம்போடு வாசல் நிலையில் நின்றிருந்தார். "யாரு?" என்றார். இப்போதெல்லாம் சின்னக் கேள்விகள் வருகின்றன. "வேலை விஷயம்," என்றேன். அவர் எதையோ சொல்ல வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். வார்த்தை வரவில்லை என்று நினைத்து, "தண்ணியா? காப்பியா?" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஜூலை 22, செவ்வாய்

கடைசிப் பகுதி. குத்துச்சண்டைக்காரன் கிழவனாகி, பென்ரியின் காலைப் பிடித்துக்கொண்டு அந்தக் காகிதத்தைக் கிழித்துவிடு என்று கெஞ்சுகிறான். பென்ரி அவனைத் தூக்கி நிறுத்திக் கோட்டுத் தூசியைத் தட்டிவிடுகிறான். "நான் எதையும் பிடுங்கியதில்லை. கொடுத்ததை மட்டும்தான் வைத்திருக்கிறேன்," என்கிறான்.

பெனடிக்ட் சார் அதைப் பேசிவிட்டு வெளியே வந்து முகம் கழுவினார். "கடைசி வரைக்கும் விட மாட்டேங்கறான் பாரும்மா. ஒரே ஒரு எபிசோட்லயாவது மனசு எறங்கி விட்டிருக்கலாம், ராஸ்கல்."

"விட்டுட்டா அவன் சாத்தான் இல்லையே சார்."

"அதுவும் சரிதான்," என்றார். எல்லாருக்கும் கேசரி வாங்கித் தந்தார். ஒரு பொட்டலம் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். அவருக்குச் சோறு போட்டேன். இடது கையால் அவரே சாப்பிடுகிறார் இப்போது, கொஞ்சம் சிந்தும். நான் எதிரே உட்கார்ந்து வழக்கம்போல எதையோ பேசிக்கொண்டிருந்தேன், வாழைக்காய் விலை என்று ஞாபகம். பாதியில் அவர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"மங்கை. ஆஸ்பத்திரில... சொன்னே."

"என்ன சொன்னேன்?"

"போகல. எப்பவும்... போகல."

கரண்டியை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. "உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. எல்லாம்... கேட்டுச்சு. கண்ணுதான் தெறக்க... முடியல."

அவர் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். இதற்காகவே ஒத்திகை பார்த்திருக்க வேண்டும்.

"நீ ரொம்ப... யோசிக்கறே. அம்மாகிட்ட கீரை... ஆயறப்போ கேட்டே. நான் உள்ளதான் இருந்தேன். எந்த சாமியும் கேக்கல. அங்க... நான்தான் இருந்தேன். எங்கிட்டதான் சொன்னே. நான் விட்டுட்டேன். நீ போ."

சோற்றில் மோரை ஊற்றினேன். ஊற்றிக்கொண்டே இருந்தேன், தட்டு நிரம்பி மேசையில் ஓடியது. துடைத்தேன்.

"இத எப்போலருந்து சொல்லணும்னு இருக்கீங்க?"

"ஜூன்."

"ஜூன்லயே பேச்சு வந்துச்சே. 'நீ போ'ன்னா ரெண்டு வார்த்தைதானே."

"ஆமா."

"அப்புறம் ஏன் சொல்லல?"

அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். சொல் வராமல் இல்லை. அந்த வித்தியாசம் எனக்கு இப்போது தெரியும்.

"நல்லா இருந்துச்சு," என்றார். "நீ... பேசறது."

ஜூலை 28, திங்கள்

கோபம். காலையில் எழுந்ததிலிருந்து கோபம். குக்கரை நங்கென்று வைத்தேன், கதவை அறைந்து சாத்தினேன். கோயில் கோயிலாக அலைந்தேன், பஸ்ஸில் பென்ரியை எல்லாம் நினைத்துப் பயந்தேன், இந்த மனிதர் பக்கத்து நாற்காலியில் சாவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்! பதினேழு வருஷத்தில் என்னைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை, அதையும் போ என்று சொன்ன பிறகு சொல்கிறார். முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நிற்காமல் வந்தது. அத்தை கதவைத் தட்டி, "ஏட்டி, டேங்க் தீந்துரும்," என்றார்.

ஜூலை 30, புதன்

நாள் முழுக்கப் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லா இருந்துச்சு என்று அவர் சொன்னதை வைத்துக்கொண்டு இருந்துவிடலாம். இருந்தால் யாரும் தப்புச் சொல்ல மாட்டார்கள், நானும் பழகிக்கொள்வேன். அவர் இனிமேல் பேசவும் கூடும். இருந்துவிட்டால் அது மறுபடி ஒரு பேரம். அவர் நன்றாகப் பேசினால் நான் போகவில்லை என்று, இந்தத் தடவை மேல்விலாசத்தோடு.

மாலையில் ஹைதராபாதுக்கு அடித்தேன். வருகிறேன் என்றேன்.

அத்தையிடம் அவரே சொல்லிக்கொண்டிருந்தார், நிறுத்தி நிறுத்தி. நான் சமையலறையில் நின்று கேட்டேன். அத்தை என்னைக் கூப்பிட்டுத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். வந்து பக்கத்தில் நின்றார். "அந்த ஸ்டுடியோப் பொண்ணு நீதானட்டீ?" என்றார். ஆமாம் என்றேன். என் தலையில் ஒரு குட்டு வைத்தார், வலிக்கத்தான் வைத்தார். பிறகு ராத்திரிச் சமையலுக்குப் புளி கரைத்தார்.

ஆகஸ்ட் 2, சனி

ரயில் சாயங்காலம். மருந்துகளை வேளை வாரியாகப் பிரித்து வைத்தேன். திங்கள் முதல் பகலில் ஒரு ஆள் வருவார், பயிற்சிப் பெண்ணும் வருவாள். அத்தை தை வரை இருக்கிறேன் என்கிறார். அவர் ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தானே சவரம் செய்திருந்தார், இடது கையால், தாடையில் ஒரு வெட்டு. ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. பழைய வீடு மாதிரியே இருந்தது.

பெட்டியை எடுத்துக்கொண்டு அவர் எதிரில் நின்றேன். எல்லாரும் வழக்கமாகச் சொல்வது நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"நான் போறேன்," என்றேன்.

அத்தை சமையலறையிலிருந்து பதறி ஓடி வந்தார். "வெளக்கு வைக்கிற வீட்டுல என்ன பேச்சுட்டீ இது! போயிட்டு வாரேன்னு சொல்லு. சொல்லு, மங்கை!"

நான் அவரைப் பார்த்தேன். அவர் கம்பை ஊன்றி எழுந்தார். யாரும் பிடிக்கவில்லை.

"விடும்மா. அவ சரியாத்தான் சொன்னா," என்றார்.

முழு வாக்கியம். எங்கேயும் திக்கவில்லை. என் வசனமும் இல்லை.